கடைசியில் யாராவது சாகத்தான் வேண்டுமா? சமீபத்தில் பார்த்த நம்ம பக்கத்துப் படங்கள்

1 நவம்பர் 2025 (சங்கரன்கோவில் வாசகர் ஒருவரின் கேள்வி)

தீபாவளிக்கு வந்த பைசன் பார்த்தாச்சு. நடிப்பு, பாட்டு எதிலும் குறை இல்லை. ஆனால் எனக்கு ஒரு சலிப்பு. படம் நெல்லை, தூத்துக்குடி பக்கம் என்று தெரிந்தாலே அடுத்து அரிவாள் வரும் என்று உட்கார வேண்டியிருக்கிறது. பரியேறும் பெருமாள், கர்ணன், வாழை, இப்போது இது. நம்ம பக்கத்துக் கதை என்றால் யாராவது சாகத்தான் வேண்டுமா? இங்கே வேறு எதுவுமே நடப்பதில்லையா? சமீபத்தில் பார்த்த படங்களை வைத்து எல்லோரும் கருத்து சொல்லுங்கள்.

1 நவம்பர், இரவு

சங்கரன்கோவில் அண்ணாச்சி, நீங்கள் அடுக்கிய மாரி செல்வராஜின் நாலு படத்தையும் பார்த்தவள் நான். பைசனை அண்ணன் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்தேன். அதில் நாயகன் கிட்டான் சாகவில்லை. இந்திய அணி வரைக்கும் போய் ஆடுகிறான். மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கதை. அவர் 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அதனால் உங்கள் கேள்வி பைசனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேள்வியைத் தள்ளிவிட மனசு வரவில்லை. தியேட்டரை விட்டு வெளியே வரும்போது எனக்கும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டுதான் இருந்தது. யோசித்து எழுதுகிறேன்.

2 நவம்பர்

பைசனில் எனக்குப் பிடித்தது கபடியை விட அந்தத் தகப்பன்தான். மகன் விளையாடப் போகக் கூடாது என்று பசுபதி மறிக்கிறார். வேறு படமாக இருந்தால் "படிப்பு கெட்டுப்போகும்" என்று தகப்பன் சொல்வார், கடைசியில் மகன் கோப்பையோடு வந்ததும் மனசு மாறுவார். இங்கே தகப்பனுக்கு மகன் தோற்பான் என்ற பயம் இல்லை. ஜெயிப்பான் என்றுதான் பயம். பக்கத்து ஊர் மைதானத்தில் நம்ம பையன் ஜெயித்தால் ராத்திரி எந்த வழியாக வீட்டுக்கு வருவான் என்ற பயம்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டி என்றால் கோவில் கொடை, பொங்கல் சமயத்தில் ராத்திரி நடப்பது. குழல் விளக்கு கட்டி, மைக் கட்டி, ஊர்ப் பெயர் போட்ட பனியனோடு பையன்கள் இறங்குவார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று தெரிந்துவிடும். எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகிறவனுக்கு இருப்பது 30 விநாடி. அதற்குள் அவன் ஏழு பேரை மட்டுமா சமாளிக்கிறான்? கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களையும் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும். பசுபதியின் முகத்தில் அந்த வெளிக்கோடு எப்போதும் இருக்கிறது.

எனக்கு ஒட்டாதது, இரண்டு பெரிய மனிதர்களின் பகை படத்தில் எடுத்துக்கொண்ட இடம். அமீரும் லாலும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வரும்போதெல்லாம் கிட்டான் ஓரமாக நின்று பார்க்கிறவனாகிவிடுகிறான். அண்ணன் பையன்களில் மூத்தவன் பள்ளி அணியில் ஆடுகிறவன். இடைவேளையில், "அத்தை, கணுக்கால் பிடி எப்படிப் பழகுனான்னு காட்டவே இல்லையே" என்றான். அவன் கேட்டது சரி. பிடிபடாமல் திரும்பி வருவதற்கு எத்தனை நாள் மண்ணில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். அதை இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

5 நவம்பர்

நேற்று ராத்திரி வீட்டில் வாழையை மறுபடி போட்டேன், அம்மாவுக்காக. 2024 ஆகஸ்டில் படம் வந்தபோது அவளைத் தியேட்டருக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. "நான் சுமந்தத நானே காசு குடுத்துப் பாக்கணுமாக்கும்" என்றாள். இப்போது டிவியில் என்பதால் உட்கார்ந்தாள்.

எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தாமிரபரணிப் பாசனத்தில். நெல்லும் வாழையும்தான். அம்மா வாழை வெட்டுக்குப் போனவள். லீவு நாளில் நானும் போயிருக்கிறேன். அதனால் படம் தொடங்கியதிலிருந்து அவள் கதையைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் தாரைத் தலையில் வைத்ததும், "அந்தப் பய கழுத்தப் பாரு, நடிக்கான்னு சொல்ல முடியாது" என்றாள்.

தார் சுமப்பது எப்படி என்று பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். வெட்டுகிற ஆள் மரத்தைச் சாய்த்து, தாரை மண்ணில் படவிடாமல் கையில் வாங்கி, தண்டை நறுக்குவார். நறுக்கின இடத்தில் பால் சொட்டும். அது உடம்பில் பட்டால் பிசுபிசுக்கும், துணியில் பட்டால் கறுத்துப்போகும், எத்தனை துவைப்புக்கும் போகாது. வாழை வேலைக்குப் போகிறவர்களுடைய சட்டைத் தோளைப் பார்த்தாலே தெரியும். சருகைச் சுருட்டி, அதன்மேல் துண்டைச் சுற்றிச் சும்மாடு வைப்பார்கள். பச்சை வாழைத் தார் என்றால் இருபது கிலோவுக்கு மேலேயும் நிற்கும். நாடு, ரஸ்தாளி ரகம் என்றால் குறையும். ஆனால் கனம் பெரிய விஷயம் இல்லை, வழிதான். வயலுக்குள் எப்போதும் ஈரம். கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். தாரைச் சுமந்துகொண்டு குனிந்து பார்க்க முடியாது. வரப்பு எங்கே, வாய்க்கால் எங்கே என்று காலே தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். காய் அடிபட்டால் வியாபாரி வாங்கமாட்டார், அதனால் விழவும் கூடாது. விழுந்தாலும் தார் மேலே, நீ கீழே என்று விழ வேண்டும். இது அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வாழையில் இதை எடுத்திருக்கும் விதம் எனக்கு உடம்பில் பட்டது. தேனி ஈஸ்வரின் கேமரா சேற்றிலேயே நடக்கிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டாக்கக் கேட்டு அவர்கள் வேலைக்குப் போகாமல் நிற்கும் இடத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டாத்தான் குடுப்பாவ" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் விளக்கம் இல்லை.

லாரி கிளம்புகிற இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முடிவு என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 1999இல் தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து, மேலே இருந்தவர்கள் செத்துப்போன விபத்து அது. எங்கள் பக்கத்தில் அந்த வயசுக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் மட்டும் கடைசி வரை பார்த்தேன். பசியோடு வீட்டுக்குள் வந்து சோற்றை அள்ளும் அந்தப் பையனை என்னால் இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி, உங்கள் கேள்வியின் நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. படத்தின் முக்கால் பங்கில் எங்கள் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் படம் பார்த்த எல்லோரும் பேசுவது கடைசிக் கால் பங்கை. "அழுதுட்டேன், தாங்க முடியல" என்கிறார்கள். தார் சுமந்து, கூலி வாங்கி, ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்து, மறுநாள் எழுந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் அம்மா அவர்களில் ஒருத்தி. லாரி கவிழாத நாளுக்குக் கதை கிடையாதா?

6 நவம்பர்

"அப்படியானால் மாரி செல்வராஜ் படம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்களேன்" என்று கேட்ட தம்பிக்கு: பிடித்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பிடிக்காத படத்தைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

9 நவம்பர்

வாழையில் வரும் பூங்கொடி டீச்சர் பற்றி அம்பாசமுத்திரம் அக்கா கேட்டிருந்தீர்கள். நானும் டீச்சர் என்பதால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நிகிலா விமல் நன்றாகச் செய்திருக்கிறார். பையன் அவர்மேல் வைத்திருக்கும் பிரியமும் பொய்யில்லை, அந்த வயசில் டீச்சர்தான் உலகத்திலேயே சுத்தமான சேலை கட்டுகிறவர். ஆனால் திங்கட்கிழமை காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்த டீச்சருக்கும் தெரியாமல் இருக்காது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வெட்டு இருந்தால் திங்கட்கிழமை வகுப்பே தூங்கும். முதல் மணிக்குக் கணக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம். பூங்கொடி டீச்சருக்கு அது எவ்வளவு தெரியும் என்று படம் சொல்லவில்லை என்பது முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குறையாகப் பட்டது.

இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. படம் முழுக்கப் பையனின் கண். அவன் டீச்சரிடம் தேடுவது தார் இல்லாத ஒரு இடத்தை. அவரும் தாரைப் பற்றியே கேட்டால் அவனுக்குப் போக இடம் ஏது? என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்களிடம் நான் ஓயாமல் வீட்டு நிலவரம் கேட்டிருக்கிறேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் படம்தான் யோசிக்க வைத்தது.

15 நவம்பர்

கொட்டுக்காளி பார்த்தேன். வாழை வந்த அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி, வந்த படம். அப்போது எங்கள் பக்கம் கூட்டமெல்லாம் வாழைக்குத்தான், இது ஓரமாக வந்து ஓரமாகவே போய்விட்டது. கதை மதுரைப் பக்கம், ஆனால் இங்கே நடந்தது என்று சொன்னாலும் நம்பலாம்.

பேசாமல் இருக்கும் ஒரு பெண்ணை, பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போகிறார்கள். பயணம்தான் படம். பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், சூரியின் கட்டிய தொண்டை, இவ்வளவுதான் காதில் விழும். வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்க, இத்தனை ஆண்கள் கையைப் பிசைய, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு அந்த இடத்தில் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னா பென் படம் முழுக்க வாயைத் திறப்பதே அரிது. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே தெளிவாக இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

இதில் யாரும் சாகவில்லை, அண்ணாச்சி. ஆனால் பார்த்து முடித்தபோது பைசனை விட எனக்கு மூச்சு முட்டியது. சூரி நடித்த பாண்டி கடைசியில் தயங்கி நிற்கிறான், படம் முடிந்துவிடுகிறது. என்ன முடிவு எடுத்தான் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மதினி, "இதென்ன பாதியில நிப்பாட்டிட்டான்" என்று டிவியைத் தட்டிப் பார்த்தாள்.

16 நவம்பர்

"அது அவார்டு படம், தூக்கம் வரும்" என்றவருக்கு: தூக்கம் வந்தால் தூங்குங்கள், காலையில் எழுந்து மீதியைப் பாருங்கள். படம் ஓடிப்போகாது.

22 நவம்பர்

மழை விடவில்லை. பள்ளி விடுமுறை. கர்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

கர்ணனில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது வாளும், மீனை வெட்டுவதும், கடைசிச் சண்டையும். எனக்கு நிற்பது பேருந்து. பொடியன்குளத்தில் பஸ் நிற்காது. தொடக்கத்திலேயே வலிப்பு வந்த பெண்பிள்ளை நடுரோட்டில் கிடக்கிறாள், வண்டிகள் தாண்டிப் போகின்றன. பஸ் நிறுத்தம் இல்லாத ஊர் என்றால் என்னவென்று நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எங்கள் ஊருக்கு நிறுத்தம் இருந்தது. ஆனால் சில ஓட்டுநர்கள் நிறுத்தமாட்டார்கள். கை காட்டிக்கொண்டு நிற்போம். வண்டி வேகம் குறைவது மாதிரி வரும், நாங்கள் பையை எடுப்போம், அப்புறம் முறுக்கிக்கொண்டு போய்விடும். தேர்வு நாளில் அடுத்த ஊருக்கு ஓடியிருக்கிறோம். ஏன் நிறுத்தவில்லை என்று அப்போது கேட்கத் தெரியாது. கூட்டம் என்று நினைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரில் அதே கூட்டத்தோடு நிற்கும்.

அதனால் படத்தில் அந்தப் பையன் நிற்காத பஸ் மேல் கல்லை எறிந்தபோது தியேட்டரில் என் கை தானாக இறுகியது. சாதியை விட்டுவிட்டு இந்தப் படங்களைப் பேசலாமே என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். எப்படி விடுவது? பஸ் நிற்காததற்கு வேறு என்ன காரணம் சொல்வீர்கள்? 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை என்ன பாடு படுத்தியது என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கர்ணன் அந்த நினைவிலிருந்து வந்த படம். அதில் ரத்தம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

நான் சொல்வது வேறு. முன்கால் கட்டப்பட்ட கழுதையை அவன் அவிழ்த்துவிடும் இடம், கல்லெறி, அதற்கு முன்னால் உள்ள காத்திருப்பு, இவை எல்லாம் வாளை விடக் கூர்மை. வாள் வந்த பிறகு கர்ணன் நாயகனாகிவிடுகிறான். அதற்கு முன்னால் அவன் எங்கள் ஊர்ப் பையன்.

23 நவம்பர்

கர்ணனில் லால் நடித்த ஏமன் தாத்தாவை விட்டுவிட்டேன் என்று ஞாபகப்படுத்திய தம்பிக்கு நன்றி. உண்மை. அந்தத் தாத்தா மாதிரி எங்கள் தெருவில் ஒருத்தர் இருந்தார். ஆச்சி செத்துப் பல வருஷம் கழித்தும் சோறு உண்ணும்போது பக்கத்தில் ஒரு தட்டு வைப்பார்.

30 நவம்பர்

பரியேறும் பெருமாள். 2018. இதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், உங்கள் கேள்விக்கு இந்தப் படம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுதான்.

இதிலும் சாவு உண்டு. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுவதில் தொடங்குகிறது. கௌரவம் என்று சொல்லிக் கொலை செய்து திரியும் அந்தக் கிழவரைப் பார்த்தால் இன்றைக்கும் முதுகு சில்லிடும். ஆனால் நாயகன் பரியன் சாகவில்லை, கொல்லவும் இல்லை. கூடப் படிக்கும் ஜோவின் அப்பாவோடு நின்று பேசுகிறான். திருப்பி அடிக்கத் தெரியாதவன் இல்லை, அடித்தும் காட்டுகிறான். அப்புறம் பேசுகிறான். கடைசியில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ், ஒன்றில் பால் கலந்த டீ, ஒன்றில் கடுங்காப்பி மாதிரிக் கறுத்த டீ. நம்ம பக்கத்துப் படம் ஒன்று பேச்சில் முடிகிறது. இது எவ்வளவு அபூர்வம் என்று அப்போது யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

பரியனின் அப்பாவாக வந்தவர் நெல்லை தங்கராசு. நிஜத்திலும் பெண் வேடம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். கல்லூரியில் அவரை வேட்டியைப் பிடுங்கி ஓடவிடும் காட்சி, நான் பார்த்த சினிமாவிலேயே மிகவும் கூசிய காட்சி. அதை நடிப்பதற்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கொடையில் வேடம் கட்டி ஆடுகிறவர்களை ஜனங்கள் ராத்திரி ரசிப்பார்கள், காலையில் கிண்டல் பண்ணுவார்கள். அதைப் பழகியவருக்கு அந்த ஓட்டம் என்னவென்று தெரிந்திருக்கும். 2023இல் காலமாகிவிட்டார். அவருடைய தொழிலை, அவர் கண்ணில் மை தீட்டுவதிலிருந்து கொட்டுக்காரர் விரல் தட்டுவது வரைக்கும், முழுசாக ஒரு படமாக யாராவது எடுத்திருக்க வேண்டும்.

7 டிசம்பர்

அரிவாளை நம்ம ஊரோடு ஒட்டியது இந்த நாலு படம் இல்லை, அண்ணாச்சி. அதற்கு முன்னாலேயே ஒட்டியாச்சு. 2003இல் சாமி படம் வந்தது. அப்புறம் தாமிரபரணி, சிங்கம். சுமோ பறக்கும், மண் பறக்கும், ஆள் பறப்பான். திருநெல்வேலி அல்வா பாட்டுக்கு நம்ம ஜனமே திரைக்கு முன்னால் ஆடியது, நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டியவள்தான். அப்போது "நம்ம ஊரைக் கெடுக்கிறார்கள்" என்று யாரும் சலித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அந்த அரிவாள் யார் கழுத்தில் விழுகிறது, ஏன் விழுகிறது என்று ஒரு படம் காட்டத் தொடங்கியதும்தான் சலிப்பு வருகிறது. உங்களைக் குறிப்பாகச் சொல்லவில்லை. பொதுவாகவே இதை யோசிக்க வேண்டும்.

பாபநாசம் பற்றித் தென்காசி அண்ணன் எழுதியதை ஒத்துக்கொள்கிறேன். 2015இல் கமல் நம்ம பேச்சைப் பேசியபோது முதல் பத்து நிமிஷம் காது கூர்ந்தது, அப்புறம் மறந்தேபோனது. மறக்க வைத்ததுதான் வெற்றி. மூலம் மலையாளத்து திரிஷ்யம் என்றாலும், நாலாம் கிளாஸ் படித்துவிட்டு சினிமா பார்த்தே உலகத்தைக் கற்றுக்கொண்ட அந்தக் கேபிள்காரர் நம்ம ஊரில் தெருவுக்கு ஒருத்தர் உண்டு.

8 டிசம்பர்

ரோஜாவில் வரும் சுந்தரபாண்டியபுரம் நம்ம பக்கம்தான், தென்காசிக்குக் கிட்டே. ஆனால் அந்தப் படத்தில் ஊர் என்பது வயலும் பாட்டும் மட்டும். கதை காஷ்மீருக்குப் போய்விட்டது. அதனால் சேர்க்கவில்லை.

18 டிசம்பர்

இன்றைக்கு எனக்கு வேறு எதைப் பற்றியும் எழுத ஓடவில்லை. 2023இல் இதே 17, 18 தேதிகளில்தான் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறும் குளமும் ஒன்றாகி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவிலும் தண்ணீர். வாழை எல்லாம் படுத்துவிட்டது. உயிர்களும் போயின.

அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. தாண்டினால் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. குழந்தைகள், வயசானவர்கள், கோவிலுக்கு வந்தவர்கள். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். சமைத்தவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். இருந்த அரிசியைச் சேர்த்து, நனையாத விறகு தேடி, அடுப்பு மூட்டி, சோற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கொண்டு போனார்கள்.

இதைப் படமாக எடுங்களேன். ரயிலில் இருப்பவர் என்ன சாதி, சமைத்தவர் என்ன சாதி என்பதும் அதற்குள் வரட்டும், அது இல்லாமல் எங்கள் ஊர்க் கதை ஆகாது. வாங்கிச் சாப்பிடத் தயங்கிய ஒருத்தர் இருந்தால் அவரும் வரட்டும். அண்டாவை யார் வீட்டிலிருந்து எடுப்பது என்ற சண்டையும் வரட்டும். சினிமாவுக்கு வேண்டிய பதற்றம் இதில் இல்லையா என்ன? ரயிலில் இருந்தவர்கள் மீட்கப்பட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போகும் படம் ஒன்று எனக்கு வேண்டும்.

20 டிசம்பர்

"சாவே இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷம் பார்த்த இரண்டைச் சொல்கிறேன்.

ராமின் பறந்து போ. கடன்காரர்களுக்குத் தப்பிக்க ஒரு அப்பா, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பையனை வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். அவ்வளவுதான். அண்ணன் பையன்கள் இரண்டு பேரும் ரசித்துப் பார்த்தார்கள். இளையவன் அடுத்த நாளே மரம் ஏறினான், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்.

டூரிஸ்ட் ஃபேமிலி. இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும். இதில் ஒரு சாவு இருக்கிறது. ஒரு வயசான அம்மா இறந்துபோகிறார். அது வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத தெரு, அந்தச் சாவு வீட்டில் கூடுகிறது. இதைப் பார்த்த பிறகு என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாவு வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கமும் சாவு வீட்டில்தான் பகை முடிந்திருக்கிறது, பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் நீர்மாலைக்கு, அதாவது பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர, ஒன்றாக நடந்திருக்கிறார்கள். சாவுக்கு அப்புறம் படம் என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

27 டிசம்பர்

அரையாண்டு லீவு. மூத்தவன் வாழை பார்க்க வேண்டும் என்றான். எட்டாம் வகுப்பு, பார்க்கலாம் என்று போட்டுக் கொடுத்தேன். அம்மா இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் அவன் அழவில்லை. நோட்டை எடுத்து வந்தான். "ஆச்சி, லாரிக்கு எத்தனை தார் ஏத்துவாவ?" என்று கேட்டான். அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "கூலியில ஒரு ரூபா கூடுனா வியாபாரிக்கு எவ்வளவு நட்டம்? ஆள் ஏத்திப் போக தனி வண்டி வச்சா வாடகை எவ்வளவு?" என்று அடுத்தடுத்துக் கேட்டான். அம்மா பழைய காலத்து வாடகையை ஒரு குத்துமதிப்பாகச் சொன்னாள். இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு, "கூட்டிக் குடுத்ததை வண்டியில பிடிச்சுக்கிட்டான், அத்தை" என்றான்.

படத்தில் அப்படித்தான் வருகிறது. கூலியை உயர்த்திக் கொடுத்த வியாபாரி, ஆட்கள் போக வேறு வண்டி தராமல், தார் ஏற்றிய லாரி மேலேயே ஏறிப் போகச் சொல்கிறார். நான் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அழுகையில் கவனம் போய்விட்டது. நவம்பர் 5ஆம் தேதி நான் எழுதியதில், முக்கால் பங்கு வேலை, கால் பங்கு சாவு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். அப்படிப் பிரிக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கூலிக் கணக்கில்தான் லாரி கவிழ்கிறது. சாவு வானத்திலிருந்து விழவில்லை, ஒருத்தர் கணக்குப் போட்டு மிச்சம் பிடித்த இடத்தில் விழுந்தது. கடைசிக் காட்சியை மட்டும் பேசுகிறவர்களிடம் இனிமேல் நான் இதைத்தான் சொல்வேன்: அழுங்கள், ஆனால் வண்டி வாடகையையும் கேளுங்கள்.

ஆனாலும் அந்த ரயில் படம் எனக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

28 டிசம்பர்

அம்மா இன்றைக்குக் காலையில் சொன்னது: "அந்தக் காலத்துல நாங்களும் லாரி மேலதான வருவோம். தார் மேல சாக்கு விரிச்சு, பாட்டுப் பாடிக்கிட்டு. காத்து நல்லா வரும்லா." நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். நடந்து வருவதற்கு அது எவ்வளவோ மேல் என்றாள்.

சங்கரன்கோவில் அண்ணாச்சி, பொங்கலுக்கு வரும் படங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பைசனை இன்னொரு தடவை பார்க்கிறதாகச் சொன்னீர்களே, பசுபதி வரும் இடங்களை மட்டுமாவது பாருங்கள்.